விமானத்தின் அடிவயிற்றில் படிந்த எண்ணெய்: துணியை எடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

பறக்கும் காலம் முடிந்த சிறு விமானம் ஒன்றை வாங்கி, மாணவர்களின் பயிற்சிக்காகக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கும் பொறியியல் கல்லூரிகள் தமிழ்நாட்டில் பல உண்டு. அந்த விமானத்தைத் துடைத்துப் பாதுகாக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஓர் ஆய்வகப் பயிற்றுநரின் தலையில்தான் விழும். திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், வள்ளியூருக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு கல்லூரியில் அந்தப் பொறுப்பில் இருப்பவன் நான். சென்ற கோடையில் விமானத்தின் அடிப்பாகத்தில் ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த எண்ணெயையும் கிரீஸையும் அகற்றும் வேலை எனக்கு வந்தது. பணமும் தூக்கமும் போன பிறகு தெரிந்துகொண்டவற்றை எவராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் விமானத்தின் தோலில் இன்றுள்ள தழும்புகள் வந்திரா. இதே வேலை காத்திருக்கும் வேறொரு பயிற்றுநருக்குப் பயன்படட்டும் என்றே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது செஸ்னா 152. 1977 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்ட, இருவர் அமரும் பயிற்சி விமானம் அது. முன்னால் 110 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் லைகோமிங் இன்ஜின். இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, கல்லூரியில் மீண்டும் பூட்டினார்கள். இனி அது பறக்கப் போவதில்லை. ஆனால் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் வரும் விமான அமைப்புகள் ஆய்வகத்தில், விமானத்தை ஜாக்கியில் ஏற்றுவது, மட்டம் பார்ப்பது, இடவலச் சமச்சீர் அளப்பது ஆகிய பயிற்சிகள் அனைத்தும் இதில்தான் நடக்கின்றன. பருவத்துக்குச் சில முறை இன்ஜினையும் ஓட்டிக் காட்டுகிறோம். பறக்காத விமானத்துக்கு இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஜாக்கி தாங்கும் இடத்தில் உலோகம் அரித்திருந்தால் அடியில் படுத்திருக்கும் மாணவனுக்குத்தான் ஆபத்து. அதோடு, அழுக்கான விமானத்தில் பழகிய மாணவன் நாளை உண்மையான ஹேங்கரில், அதாவது விமானப் பராமரிப்புக் கொட்டகையில், வேலைக்குச் சேரும்போது, எண்ணெய் வழிவதை இயல்பான காட்சி என்றே எடுத்துக்கொள்வான்.

எங்கள் பகுதியின் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் பாய்ந்து வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் பணகுடியிலும் காவல்கிணற்றிலும் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று தகரக் கொட்டகைக்குள் தேரிக்காட்டுச் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். கடல் பக்கத்திலிருந்து உப்பும் சேர்ந்து வரும். எண்ணெய் படிந்த உலோகத்தில் இவை ஒட்டிக்கொண்டு, ஆண்டுகள் செல்லச் செல்லக் கருஞ்சிவப்புப் பக்காக இறுகிவிடும். இன்ஜின் மூடிக்குக் கீழே தொடங்கி வால் வரை அப்படியொரு பக்கு எங்கள் விமானத்தில் இருந்தது. விரல் நகத்தால் கீறினால் மேல்படலம் மட்டும் உரியும். அடியில் தார் போன்ற மற்றொரு படலம் இருக்கும்.

ஆய்வுக் குழு ஒன்று கல்லூரிக்கு வரப்போகிறது என்ற செய்தி வந்ததும், துறைத் தலைவர் விமானத்தைப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்றார். கல்லூரிக் கட்டடங்களின் தரையையும் கழிப்பறைகளையும் கழுவ வரும் துப்புரவு ஒப்பந்தக்காரரிடமே இதையும் கொடுத்துவிடலாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. விமானத்துக்கு வேறு முறை இருக்கும், விசாரித்துவிட்டுச் செய்யலாம் என்று நான் சொன்னதற்கு, ஷெட்டுகளில் லாரிகளையே கழுவிக் கொடுத்தவர்கள் அவர்கள் என்ற பதில்தான் கிடைத்தது. ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசி, முழுத்தொகையையும் முன்பணமாகப் பெற்றுக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைத் தூளை வாளித் தண்ணீரில் கரைத்து, தேங்காய் நார்த் துடைப்பானால் அடிப்பாகத்தில் பூசினார்கள். அது காஸ்டிக் சோடா கலந்த தூள் என்பது, பூசிய இடத்தில் நுரைத்துக் குமிழிகள் கிளம்பியபோதுதான் எனக்குப் புரிந்தது.

காஸ்டிக் சோடா எண்ணெயைச் சோப்பாக்கிக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது அலுமினியத்தையும் கரைக்கும். அப்போது வெளிவரும் குமிழிகள் ஹைட்ரஜன் வாயு. விமானத்தின் தோலுக்குப் பயன்படும் கலவை வெறும் அலுமினியம் அன்று. வலிமைக்காக அதில் நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்று மேலாகச் செம்பு சேர்ந்திருக்கும். செம்பு சேர்ந்த கலவை எளிதில் அரிபடும் என்பதால் தகட்டின் இரு பக்கங்களிலும் தூய அலுமினியத்தை மெல்லிய கவசமாக ஒட்டியிருப்பார்கள். பெயின்ட் உதிர்ந்திருந்த இடங்களில் அந்தக் கவசத்தைக் காரம் தின்றுவிட்டு உள்கலவையைத் தொட்டதும், கரையாத செம்பு கரிய படலமாக மேலே தங்கிவிட்டது. துடைக்க வந்தவர்கள் அந்தக் கருமையையும் அழுக்கு என்று நினைத்து, இன்னும் கெட்டியாகத் தூளைக் குழைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தார்கள். நான் ஓடிப்போய் நிறுத்தச் சொல்லி, தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து நெடுநேரம் தண்ணீர் விட்டு அலசினேன். வலப்பக்கச் சக்கரக் காலுக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் சில திட்டுகள் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகிவிட்டன. முன்பணம் திரும்பி வரவில்லை. வேலை முடியவில்லை என்பதால் நிர்வாகம் அந்தப் பற்றுச்சீட்டை ஏற்கவும் மறுத்தது. நின்று மேற்பார்வை பார்த்தவன் என்ற முறையில் பாதித்தொகையை என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

தரைக்கும் கழிப்பறைக்கும் அடுப்புத்திண்ணைக்கும் விற்கும் எந்தத் தூளையும் திரவத்தையும் விமானத்தின் அருகே கொண்டுவர விடாதீர்கள். காரம் மிகுந்ததும் ஆகாது, அமிலம் மிகுந்ததும் ஆகாது. பித்தளைப் பாத்திரத்துக்குப் போல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் வெளுத்துவிடும் என்று ஒரு பெரியவர் அன்போடு சொன்ன யோசனையும் அதே காரணத்தால் ஆகாது. லாரிக்கு வேலை செய்ததே என்பது சான்றாகாது. லாரியின் அடிச்சட்டம் பருத்த இரும்பு, இது ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத அலுமினியத் தகடு. ஒப்பந்தக்காரர் எவராயினும், அவர் கொண்டுவரும் பொருளின் பெயரும் உட்பொருளும் எழுதிய தாளை முதலில் கேளுங்கள். தாள் இல்லையென்றால் வேலையும் இல்லை என்று எழுத்திலேயே நிர்வாகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

அதற்குப் பின் வந்த இரவுகளில் நான் சரியாக உறங்கவில்லை. குழு வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. விமானம் முன்பிருந்ததைவிட அலங்கோலமாக நின்றது. உதவிக்கு ஆள் தர முடியாது, விடுமுறைக் காலம் என்று சொல்லிவிட்டார்கள். தவறு நேர்ந்தால் என் பெயர் மட்டும்தான் எழுதப்படும் என்ற பயம் வயிற்றைப் பிசைந்தது. எங்கள் தெருவில் காற்றாலைப் பராமரிப்பில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். கோபுரத்தின் உச்சியில் கியர் பெட்டி கசிந்தால் ஏறிப்போய்த் துடைத்துவிட்டு வருபவர். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, எண்ணெய எண்ணெயாலதான் எடுக்கணும், தண்ணியெல்லாம் பொறவுதான். அது கெடக்கட்டும், தொடைக்கதுக்கு முன்னால அது எங்கேருந்து வருதுன்னு பாத்தியளா?” என்று கேட்டார். எவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. இந்த வேலையில் நான் பெற்ற பாடங்களிலேயே பெரியது அந்தக் கேள்விதான்.

விமானத்தின் அடியில் உள்ள அழுக்கு, மேலே இன்ஜினுக்குள்ளும் சக்கரங்களுக்குள்ளும் என்ன நடக்கிறது என்பதை எழுதி வைத்திருக்கும் குறிப்பேடு. துடைத்துவிட்டால் அந்தக் குறிப்பேடு போய்விடும். ஆகவே துணியைத் தொடும் முன் நல்ல வெளிச்சம் வைத்து, மூக்கிலிருந்து வால் வரை வரிசையாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பு நிறத்தைப் பாருங்கள். பழுப்பும் கருப்புமாக இருப்பது இன்ஜின் எண்ணெய். சிவப்புச் சாயல் கொண்டது பிரேக்கிலோ மூக்குச் சக்கரத்தின் அதிர்வுதாங்கியிலோ இருக்கும் ஹைட்ராலிக் திரவம். எங்கள் மூக்குச் சக்கரத்தின் தண்டில் செம்மண் தூசிக்கு அடியில் அது மறைந்திருந்ததை, துடைக்கும் முன் டார்ச் அடித்துப் பார்த்ததால்தான் கண்டுகொண்டேன். நீலக் கறை தெரிந்தால் அது எரிபொருள். நூறு எல்எல் என்னும் விமானப் பெட்ரோலுக்கு அடையாளத்துக்காக நீலச் சாயம் சேர்த்திருப்பார்கள். நீலத்தைக் கண்டால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, கசிவை அடைத்த பிறகே மேலே செல்ல வேண்டும். தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு ரிவெட்டின் தலைக்குப் பின்னால் மட்டும் கரிய புகைக்கோடு வால் பக்கம் நீண்டிருந்தால், அந்த ரிவெட் தளர்ந்து தகட்டோடு உராய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதைத் துடைத்து மறைத்துவிட்டால் மீண்டும் தெரிய நெடுங்காலம் ஆகும். நிலத்திலேயே நிற்கும் விமானமாக இருந்தால் தெரியாமலே போய்விடக்கூடும்.

புகைபோக்கிக் குழாய்க்குப் பின்னால் சாம்பல் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அது உடல்நலத்தைப் பற்றியது. நூறு எல்எல் பெட்ரோலில் ஒரு லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அது எரிந்து, புரோமைடு உப்பாகப் புகையோடு வெளியேறி அடிவயிற்றில் படிகிறது. எங்கள் விமானத்தில் அந்தப் படிவு அது பறந்துகொண்டிருந்த காலத்தைச் சேர்ந்தது. காலம் கடந்தாலும் ஈயம் ஈயம்தான். ஈரம் பட்டால் அந்த உப்பு உலோகத்தையும் அரிக்கும். ஆகவே அந்தப் பகுதியை ஒருபோதும் உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், தூசி மூச்சில் போகும். ஈரத் துணியால்தான் எடுக்க வேண்டும். வேலைக்கு நடுவே முறுக்கோ தேநீரோ வாயில் வைக்கக் கூடாது. அன்று உடுத்தியிருந்த உடையை வீட்டுத் துணிகளோடு, முக்கியமாகக் குழந்தைகளின் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. எனக்குச் சிறு குழந்தை இருக்கிறாள். கொட்டகையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

எண்ணெயை எண்ணெயால் எடுப்பது என்று அண்ணாச்சி சொன்னது பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனை. அயல்நாட்டு ஹேங்கர்களில் அடிவயிற்றைத் துடைக்கப் பயன்படுத்தும் கரைப்பானும் ஏறத்தாழ இதே வகைதான். அது பெயின்ட்டையும் அலுமினியத்தையும் தாக்காமல் கிரீஸை மட்டும் இளக்கும். பெட்ரோலால் துடைத்தால் விரைவில் முடியும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்; பெட்ரோலின் ஆவி உறைபனிக் குளிரிலும் தீப்பற்றக்கூடியது. டர்பன்டைன் அதைவிடப் பாதுகாப்பானது என்றாலும், நம் ஊருக்கு ஒரு தனி எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. அதன் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ். குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது தொலைவில் இருக்கும் எண். சித்திரை வைகாசியில் வள்ளியூர்ப் பக்கத்துத் தகரக் கொட்டகைக்குள் நண்பகலில் எளிதாக எட்டிவிடும் எண். ஆகவே விடிவதற்கு முன் தொடங்கி, வெயில் ஏறியதும் டப்பாவை மூடி வெளியே வைத்துவிடுவேன். இரு பக்கக் கதவுகளையும் திறந்து வைத்து, விமானத்தின் உலோகத்திலிருந்து தரைக்கு ஒரு எர்த் கம்பி கட்டி, பக்கத்திலேயே தீயணைப்பான் வைத்துக்கொண்டேன். கொட்டகையின் பழைய மின்விசிறியைப் போடவில்லை, அதன் சுவிட்சிலும் பொறி தெறிக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் செய்ய வேண்டியவற்றை அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சாவியை அணைத்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் புரொப்பல்லரைப் பிடித்து எழுவதோ சாய்வதோ கூடாது, ஏனெனில் மேக்னெட்டோவின் நிலக்கம்பி அறுந்திருந்தால் சாவி அணைந்திருந்தாலும் இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். டயர்களையும் பிரேக் தட்டுகளையும் பாலித்தீன் தாளால் சுற்ற வேண்டும், கரைப்பான் ரப்பரைக் கெடுக்கும், பிரேக்கின் உராய்வுப் பட்டையில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. கண்ணாடிகள் உண்மையில் அக்ரிலிக் என்பதால் அவற்றில் ஒரு துளி தெறித்தாலும் மயிரிழை விரிசல் விடும். அடிவயிற்றில் நீட்டிக்கொண்டிருக்கும், ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனாவைக் கைப்பிடியாக எண்ணிப் பிடித்துவிடாதீர்கள்.

வேகமும் உயரமும் காட்டும் கருவிகளுக்குக் காற்றழுத்தத்தைத் தருபவை இரண்டு: இறக்கைக்கு அடியில் இருக்கும் பிட்டோ குழாயையும், இடப்பக்கத்தில் சிறு துளையாக இருக்கும் நிலையழுத்தத் துளையையும் தண்ணீர் புகாமல் மூட வேண்டும். அதற்கு, கண்ணில் அறையும் நிறமுள்ள நாடாவையே ஒட்டி, நீண்ட சிவப்புத் துணி தொங்கவிடுங்கள். 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து புறப்பட்ட ஏரோபெரு 603 என்னும் போயிங் 757 விமானத்தில், கழுவித் துடைத்தவர்கள் நிலையழுத்தத் துளைகளின் மேல் ஒட்டிய நாடாவை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். உயரமும் வேகமும் காட்டும் கருவிகள் பொய் காட்டி, இரவில் கடலில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள். எங்கள் விமானம் பறக்காது. ஆனால் அதைப் பார்த்துக் கற்கும் மாணவர்கள் நாளை பறக்கும் விமானத்தைத் துடைப்பார்கள் என்பதால், ஒட்டிய ஒவ்வொரு நாடாவையும் பலகையில் எழுதி வைத்து, எடுத்தபின் அடித்து நீக்கினேன்.

இனி துடைத்த விதம். மல்லாந்து படுப்பதற்குக் கோரைப்பாய் விரித்தேன், முதல் நாளிலேயே அது எண்ணெயில் ஊறிப் போயிற்று. மெக்கானிக் கடைகளில் இருக்கும் சக்கரம் வைத்த படுக்கைப் பலகையை இரவல் வாங்கிய பிறகுதான் முதுகும் தோளும் பிழைத்தன. கண்ணுக்குப் பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், ஏனெனில் எல்லாமே முகத்தின் மேல்தான் சொட்டும். மருத்துவர்கள் அணியும் சாதாரண ரப்பர் கையுறை எண்ணெயில் சற்று நேரத்தில் ஊதிக் கிழிந்துவிடும். நைட்ரைல் கையுறை என்று கேட்டு வாங்குங்கள். கையுறை கிழிந்த ஒரு காலையில் கவனிக்காமல் வேலை பார்த்ததால் விரல்கள் வறண்டு வெடித்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட வேண்டியதாயிற்று.

ஒரு முழத்துக்கு ஒரு முழம் என்று கட்டம் கட்டமாக எடுத்துக்கொண்டு, டர்பன்டைனைத் துணியில் நனைத்து அழுக்கின் மேல் ஒற்றி, சில நிமிடம் ஊறவிட வேண்டும். அது உலர்ந்துவிடவும் கூடாது, ஓடும்படி ஊற்றவும் கூடாது. ஊற்றினால் தகடுகளின் இடுக்கு வழியே அழுக்கோடு உள்ளே போய்த் தங்கும். பின்பு மரச் சீவலாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ பக்கை மெல்லத் தள்ளிவிட்டு, முன்னிருந்து வால் பக்கமாகத் துடைத்து, அழுக்கான துணியைத் திருப்பாமல் அப்படியே போட்டுவிட வேண்டும். செம்மண் துகள் உள்ள துணியை மடித்து மீண்டும் தேய்த்தால் உப்புத்தாள் போட்டதற்குச் சமம். இரும்புக் கம்பி நார், இரும்புத் தூரிகை எதுவும் கூடாது. அவை விட்டுச்செல்லும் இரும்புத் துகள் அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். திருப்பூர்ப் பனியன் வேஸ்ட் மலிவாகக் கிடைத்தது, ஆனால் அதன் நூல் ரிவெட் தலைகளில் சிக்கி, அடிவயிற்றின் வடிதுளைகளை அடைத்துவிடுகிறது. பழைய பருத்தி வேட்டிகள்தான் எல்லாவற்றிலும் சிறந்தவையாக அமைந்தன. அந்த வடிதுளைகளை ஒவ்வொன்றாகத் தேடி ஈர்க்குச்சியால் திறந்தபோது, ஒன்றிலிருந்து பழைய தண்ணீர் கால் டம்ளர் அளவுக்கு வடிந்தது. அத்தனை நாளும் அது உள்ளே நின்று அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

கிரீஸ் போன பின்புதான் தண்ணீருக்கு இடம். கார் கழுவும் மென்மையான ஷாம்பூவை வாளியில் கலந்து துணியால் கழுவினேன். பாத்திரம் துலக்கும் திரவங்கள் பலவற்றில் கெட்டிப்படுத்த உப்புச் சேர்ப்பதால் அதைத் தவிர்த்தேன். சர்வீஸ் ஸ்டேஷனில் இருப்பது போன்ற அழுத்தப் பம்பு வேண்டவே வேண்டாம், அது சக்கரப் பேரிங்குகளுக்குள்ளும் இடுக்குகளுக்குள்ளும் தண்ணீரை ஏற்றிவிடும். அலசி, உலர்த்தி, கீல்களுக்கும் பேரிங்குகளுக்கும் கழுவிப்போன கிரீஸை மீண்டும் வைத்து, கார்களுக்கு இடும் மெழுகைப் பூசினேன். மெழுகு பூசிய இடத்தில் அடுத்த முறை எண்ணெய் படிந்தால் ஒரு துடைப்பில் வந்துவிடுகிறது. காஸ்டிக் தின்ற திட்டுகளை மட்டும் நீரில் நனைத்த மிக நைசான உப்புத்தாளால் மெல்ல நீவி, அலுமினியத்துக்கான பிரைமரும் பெயின்ட்டும் அடித்தேன். பறக்கும் விமானமாக இருந்திருந்தால் அந்த வேலையை நான் தொட்டிருக்கக் கூடாது. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் தகட்டின் கனத்தை அளந்து முடிவு செய்ய வேண்டியது அது.

துடைத்து முடித்ததோடு வேலை முடியவில்லை. சுத்தமான அடிவயிற்றிலும் இன்ஜினின் கீழ்ப்பக்கத்திலும் சாதாரண முகப்பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டு, உரிய ஆட்களை வைத்து இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டினோம். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் கசிவின் வாய் தெரிந்துவிடும். ஒரு சிலிண்டரின் ராக்கர் மூடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் இறுகிப் போயிருந்தது. பெரும்பங்கு எண்ணெய் வந்தது, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக. எண்ணெய் அளவுகோலில் எப்போதும் முழுக்கோடு வரை ஊற்றி வைப்பதையே ஒழுங்கு என்று நாங்கள் பழகியிருந்தோம். இவ்வகை இன்ஜின்களில் மேல்மட்டத்து எண்ணெயைக் கிராங்க் தண்டு சிலுப்பிப் பிரீதர் வழியே வெளியே அனுப்பிவிடுவது வழக்கமாகக் காணப்படுவது. கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் முழுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொண்டதும் கசிவு வெகுவாகக் குறைந்தது. இன்னொன்று, மாணவர்களுக்குக் காட்டுவதற்காகச் சிறிது நேரமே ஓட்டி அணைப்பதால் எண்ணெய் போதுமான சூடேறுவதில்லை. எரிதலில் உண்டாகும் நீர் ஆவியாகாமல் எண்ணெயோடு கலந்து, வெளிறிய குழம்பாகப் பிரீதர் வாயில் வந்து நிற்கிறது. இப்போது ஓட்டும் தடவைகளைக் குறைத்து, ஓட்டும்போது எண்ணெய் வெப்பமானியின் முள் பச்சைப் பகுதியில் நிலைத்துச் சிறிது நேரம் நிற்கும் வரை ஓட்டுகிறோம்.

கடைசியில் மிஞ்சியது கழிவு. அழுக்குத் துணிகளும் கரைப்பானும் எண்ணெயுமாக இரண்டு தகரப் பீப்பாய்கள் நிறைந்தன. பின்னால் ஓடையில் ஊற்றிவிடலாம் என்றார் காவலாளி. அந்த ஓடை போய்ச் சேர்வது ஊர்க்குளத்தில். அதை நம்பித்தான் கீழே வயல்களும் ஆடுமாடுகளும் இருக்கின்றன. பயன்படுத்திய எண்ணெய் 2016 ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருவது, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். காற்றாலை நிறுவனங்கள் தங்கள் கழிவு எண்ணெயைக் கொடுக்கும் முறையை அண்ணாச்சி சொல்லித் தந்தார். கல்லூரியின் பெயரில் கடிதம் எழுதி, பீப்பாய்களை அந்த வழியில் அனுப்பி, ரசீது வாங்கிக் கோப்பில் வைத்தேன். துணிகளை அதுவரை மூடியுள்ள தகர டின்னில், கட்டடத்துக்கு வெளியே வைத்திருந்தேன்.

டர்பன்டைன், கையுறை, ஷாம்பூ, மெழுகு எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம், பிரைமரும் பெயின்ட்டும் இரண்டாயிரத்து அறுநூறு. இவற்றுக்கான பற்றுச்சீட்டுகளை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. சம்பளத்தில் பிடித்ததைத் திருப்பித் தரக் கேட்டு நான் கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. குழுவில் வந்த ஒரு பேராசிரியர் விமானத்துக்கு அடியில் குனிந்து பார்த்து, பெயின்ட் அடித்த திட்டுகளைக் காட்டிக் காரணம் கேட்டார். காஸ்டிக் பட்டதை மறைக்காமல் சொன்னேன், துடைப்பதற்கு முன் எடுத்த படங்களையும் பவுடர் சோதனையின் படங்களையும் காட்டினேன். அந்தப் படங்களை ஆய்வகக் கையேட்டில் சேர்க்கும்படி அவர் துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனார். இந்தப் பருவத்திலிருந்து, இன்ஜினை ஓட்டும் ஒவ்வொரு நாளும், அணைத்துச் சூடு தணிந்த பின் மாணவர்கள் இருவர் டார்ச்சோடு அடியில் படுத்து, கறையின் நிறத்தையும் இடத்தையும் பதிவேட்டில் எழுதுகிறார்கள். அதன் பிறகே துணி கொடுக்கிறேன்.